ஆபத்து கம்மி

கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டின் முன்கட்டில் வாடகைக்கு இருந்த தீபலட்சுமி, காரைக்குடி அலுவலகத்தில் இருந்த கணவன் சரவணகுமாருக்குப் போன் செய்தாள். சாஃப்ட்வேர் ஓட்டைகளுக்கு ஆபத்து மார்க் போடுவதுதான் இருவருக்கும் வேலை.

“அந்தக் கேமரா ஓட்டைக்கு ஏன் பத்துக்கு ஒம்பது போட்டீக? அதே வைஃபைக்குள்ள இருக்கிறவன்தான் நுழைய முடியும். ஆபத்து கம்மி, அஞ்சு போதும்.”

“டெஸ்ட் பண்ணியா?”

“நம்ம வீட்டுக் கேமராவுலயே பண்ணினேன். இந்தச் சுவத்துக் கனத்துக்கு வைஃபை வாசலைத் தாண்டாது.”

“சரி, அஞ்சே போடுறேன். ஆனா கேமராவை ஏன் இன்னும் ஆட்டிக்கிட்டு இருக்க? போன்ல பார்க்கிறேன், உன் பக்கமே திரும்புது.”

“நான் அப்பவே முடிச்சுட்டேனே!”

சரவணகுமாரின் குரல் இறங்கியது. “தீபா, சத்தமில்லாம வெளிய வந்துரு.”

வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இரண்டாம்கட்டுக் கதவை அவள் திரும்பிப் பார்த்தாள்.

பூட்டைக் காணோம்.