சனிக்கிழமைக்குச் செவ்வாய் டைம்டேபிள்

காயத்ரி டீச்சருக்குக் கணவர் துளசிராமன் கடைசியாகக் கட்டிக்கொடுத்தது புளிசாதம். "உப்பு கம்மின்னு திட்டாதே" என்றார். அன்று மாலையே மாரடைப்பில் போய்விட்டார்.

அதன்பிறகு அவள் பொன்னேரிப் பள்ளிக்குச் சாப்பாடு கொண்டுபோவதில்லை. ஆனால் தினமும் மதியம் பிளஸ் ஒன் வகுப்பில் யாராவது, "மிஸ், அம்மா தெரியாம ரெண்டு டப்பா குடுத்துட்டாங்க" என்று வந்து நிற்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி உண்டு, செவ்வாய் டைம்டேபிள். குழுவாகச் செயல்படுவது பற்றிய வகுப்பு. விரித்த ஒரு செய்தித்தாள்மேல் ஆறு பேர் நிற்க வேண்டும். எட்வர்ட் பரத்தின் காலை மிதித்தான். ஆறு பேரும் சரிந்தார்கள். வகுப்பே உருண்டு சிரித்தது.

"ஒரு பேப்பர்மேல சேர்ந்து நிக்கத் தெரியல. நீங்கல்லாம் ஒரு டீமா?" என்றாள் டீச்சர்.

மதிய மணி அடித்ததும் பரத்தும் ஜெனிபரும் ஆளுக்கொரு டப்பாவோடு ஓடிவந்தார்கள்.

"நீ எதுக்குடி எடுத்துக்கினு வந்தே? வெள்ளிக்கு அப்பறம் திங்கள், என் டர்னு!"

"லூசு! செவ்வாய் டைம்டேபிள்னா செவ்வாய்க்காரங்கதான். லிஸ்ட்டப் பாரு!"

"இன்னா லிஸ்ட்டு?" என்றாள் டீச்சர்.

இருவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"போச்சு! ஏழு மாசமா நாப்பது பேரும் வாயத் தொறக்கல. ரெண்டு பேரும் கவுத்துட்டீங்களே!" என்று கத்தினான் எட்வர்ட்.

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஜெனிபரின் டப்பாவைத் திறந்தாள். புளிசாதம்.

ஒரு வாய் எடுத்துப் போட்டாள். அதிலும் உப்பு கம்மி.