எதிர்ப்பக்க வெட்டு

அம்மாவும் தானும் போகப் பதிவு செய்திருந்த கம்போடியப் பயணத்துக்கு, அம்மா இறந்த மூன்றாம் மாதம், துளசி ஈப்போவிலிருந்து தனியாக வந்தாள். நகரத்துச் சந்தையில் மீன்குழம்பு ருசியாக இருந்தது. சொல்ல ஆளில்லை.

மறுநாள் காலை, இடிந்த கோயிலில் சுவரைப் பிளந்து நின்ற மரத்தில் யாரோ புதிதாகப் பட்டை சீவிப் பால் வெட்டி, அடியில் பால் பிடிக்கும் மங்கு வைத்திருந்தார்கள். வெட்டு வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தது. அம்மா வேலை பார்த்த செமோர் ரப்பர் தோட்டத்தில் அப்படி வெட்டியவள் இடக்கைக்காரியான அம்மா ஒருத்திதான்.

“இது ரப்பர் மரமே இல்லக்கா,” என்றான் பயணக்குழுவில் வந்த யுகேந்திரன். “வாங்க, பஸ்ஸு கெளம்புதுலா.”

மங்கில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தில், விடியலில் பால் வெட்டியவர்கள் பத்து மணிக்கு அதை எடுக்கத் திரும்பி வருவார்கள். மணி ஒன்பதே முக்கால்.

“நீ போ தம்பி,” என்ற துளசி, இன்னொருவருக்கு இடம்விட்டுக் கல்லில் உட்கார்ந்தாள்.