டர்போ ஆறட்டும்

“டர்போ சூடா இருக்கு உமா. டக்குனு ஆஃப் பண்ணக் கூடாது. கொஞ்சம் ஆறட்டும்.”

சாயங்காலமானால் ராஜ்மோகன் சொல்வது இதைத்தான். திருநள்ளாறில் ஆபீஸ் முடிந்து வந்து, தருமபுரத்தில் வீட்டு வாசலில் காரை நிறுத்துவார். நிறுத்துவாரே தவிர இன்ஜினை அணைக்க மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த பழைய பெட்ரோல் கார். பெட்ரோல் குடிப்பது போதாதென்று ஆயிலும் குடிக்கும். நின்றபடி ஓடினால் பின்னால் நீலப்புகை தள்ளும்.

“ராஜ்மோகன் சார் கொசு மருந்து அடிக்கிறாரா?” என்று எதிர்வீட்டு தெட்சிணாமூர்த்தி ஒருநாள் கேட்டே விட்டார்.

உமாமகேஸ்வரிக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

மாமியார் பெரியநாயகி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். ஆள் வைத்துப் பார்த்தார்கள். அவள் வாய்க்குப் பயந்து வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, பகலில் சமையல், துவையல் எல்லாம் உமாதான். சாயங்காலம் கட்டிலோரம் தரையில் சாய்ந்தால் அவளை அறியாமல் கண் அசந்துவிடும்.

தெருமுனையில் திரும்பும்போது அந்தக் கார் ‘உய்ய்ங்’ என்று விசிலடிக்கும். அதைக் கேட்டுத்தான் திடுக்கிட்டு எழுவாள்.

“வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன தூக்கம்? வரட்டும் அவன், சொல்றேன்” என்பாள் மாமியார்.

உமா ஓடிப்போய் முகம் கழுவி, தலையை முடிந்து, கூடத்து ஜன்னலோரம் சாமி விளக்கை ஏற்றுவாள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஐயா காரை விட்டு இறங்கி வருவார்.

பெற்ற தாயைத் தூக்கி உட்கார வைக்க ஒரு கை தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் இவர் இரும்புக்கு இளைப்பாறல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உமாவுக்கு வெறுத்துப் போயிருந்தது.

அன்று மதியம் மெக்கானிக் கபீர் ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

“டர்போலேருந்து காத்து போற ஹோஸ் குழா, அக்கா. பழசு கிழிஞ்சு காத்து வெளிய போவுது. அதான் அந்த விசில் சத்தம், வண்டியும் இழுக்காது. எத்தன தடவ சொன்னாலும் சார் மாத்த வேணாங்குறாரு. நீங்களாச்சும் சொல்லுங்க.”

உமா அவனையே பார்த்தாள். “தம்பி, வண்டிய நிறுத்துனா டர்போ ஆற எவ்வளவு நேரம் ஆவும்?”

“விரட்டி ஓட்டிட்டு வந்தா ஒரு நிமிஷம் போதும். திருநள்ளாறுலேர்ந்து உருட்டிக்கிட்டு வர்றதுக்கு அதுவே சூடாவாதே. ஏன்க்கா?”

“சும்மாதான் கேட்டேன்.”

அவன் போன பிறகு அலமாரியைத் திறந்து நாலு புடவைகளைப் பையில் வைத்தாள். அழுகைகூட வரவில்லை. சுரக்குடியில் அம்மா வீடு இருக்கிறது. அவர் வந்ததும் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வீட்டுக்குள் வரவே பிடிக்காத மனுஷனுக்கு, வீடு எப்படி நடக்கிறது என்று தெரியட்டும்.

அன்று அவள் கண் அசரவில்லை. விளக்கும் ஏற்றவில்லை. கூடத்து இருட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வெளக்கு வைக்கலயா?” என்றாள் மாமியார்.

தெருமுனையில் விசில் கேட்டது. கார் வாசலில் வந்து நின்றது. இன்ஜின் அணையவில்லை.

வழக்கமாக இறங்கும் நேரம் தாண்டியது. எதிர்வீட்டில் லைட் போட்டார்கள். ஆயில் கருகும் வாடை கூடம் வரை வந்தது. ராஜ்மோகன் இறங்கவே இல்லை.

பொறுக்க முடியாமல் உமா பையோடு வெளியே வந்தாள். கண்ணாடியை இறக்கியிருந்தார். ஆபீஸ் முழுவதையும் தோளில் சுமந்து வந்தவர் போலிருந்தார்.

“ஏங்க இன்னும் ஆஃப் பண்ணல?”

“டர்போ...”

“கபீர் வந்திருந்தான். எல்லாம் சொல்லிட்டான்.”

அவர் கூடத்து ஜன்னலைப் பார்த்தார்.

“வெளக்கு இன்னும் எரியலயே உமா. இன்னிக்கு நீ ரொம்ப அசந்துட்டன்னு நெனச்சேன். தூங்கட்டும்னு உக்காந்திருந்தேன்.”

அவளுக்குப் புரியவில்லை.

“வண்டி ஷெட்ல கெடந்த அன்னிக்கு பஸ்ல வந்து எறங்குனேன்ல, ஞாபகம் இருக்கா? நீ கண் அசந்திருந்த. அம்மா என் முன்னாடியே உன்ன அவ்வளவு பேசுனாங்க. நீ குத்தவாளி மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்ன. அதுலேர்ந்து வெளக்கு எரியிறதப் பாத்துட்டுத்தான் எறங்குவேன். எரியிற வெளக்கக் காட்டுனா அம்மா வாய அடச்சிடலாம்.”

உமா பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ தூங்குறது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அப்பறம் நீ தூங்கவே மாட்ட.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஹோஸைப் பற்றிக் கேட்டாள்.

“அதையாச்சும் மாத்தியிருக்கலாம். வண்டி இழுக்கவே மாட்டேங்குதாமே.”

“இழுக்காட்டி என்ன? அந்த விசில் இல்லன்னா நான் வர்றது உனக்கு எப்படிக் கேக்கும்?”