விரலுக்குத் தெரியும் விலை

விலைப்பலகை ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்லும். பொருள் யாருக்கு மிகவும் அவசியமோ, அவருக்கு விலை அதிகம். எல்லாக் கடைகளிலும் இப்போது அப்படித்தான்.

கோவையில் பார்வையற்றவர்களுக்கான கைக்கணினிகளைத் தானே செய்து விற்கும் மரகதவல்லியின் கடையிலும் ஒரு பலகை இருந்தது. கண் தெரியாத வாத்தியார் அருளப்பன் உள்ளே வந்ததும் பலகையில் கணினி விலை ஒன்பதாயிரம் ரூபாயிலிருந்து முப்பதாயிரமாக ஏறியது. அவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

அன்றே அவள் பாத்திரத்தில் பெயர் வெட்டும் கருவி ஒன்றை வாங்கினாள். ஒவ்வொரு கணினியின் அலுமினிய மூடியையும் கழற்றி, உள்பக்கமிருந்து தட்டி, ஒரே விலையைப் பிரெயில் புள்ளிகளாகப் புடைக்க வைத்தாள். அருளப்பனுக்கும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் பலகைக் கம்பெனி ஆள் வந்து நின்றான்.

"பலகை சொல்றதுதான் விலைங்க. இதையெல்லாம் தேச்சு அழிச்சிருங்க."

"பேர் வெட்டுன குண்டாவ யாராச்சும் அழிப்பாங்களா? உங்க பலகையக் கழட்டிட்டுப் போங்க."

"கழட்டுனா எங்க கம்பெனி மேப்புல உங்க கடையே இருக்காதுங்க. ஒருத்தரும் வழி கண்டுபிடிச்சு வர மாட்டாங்க."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அருளப்பன் உள்ளே வந்து கைத்தடியை மடக்கினார். மேசையைத் தடவி ஒரு கணினியை எடுத்து, அதன் மூடியில் விரலை ஓட்டினார்.

"ஒன்பதாயிரம்" என்று உரக்கப் படித்தார். "நான் என்னிக்குத் தம்பி மேப்பப் பாத்து வந்தேன்?"