வதனி அன்ரியின் பிறந்தநாள்

2041 நவம்பர் 14, பேர்ண்.

ஒரு பிழை விட்டுவிட்டேன். செயற்கைக்கோள் தொலைக்காட்சி வருட முடிவில்தான் நிற்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். தொலைக்காட்சி நிறுவனம் ஜெர்மனில் அனுப்பிய கடிதத்தை இன்று திரும்பவும் வாசித்தேன். அது போன மாதமே நின்றுவிட்டது. அதன் பிறகு, பார்ப்பவரின் மனம் நோகாதபடி எங்கள் தமிழ்ச் சானலுக்கு வருவதையெல்லாம் வீட்டிலிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியே மாற்றித் தயாரிக்கிறதாம். சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்பது நிச்சயமில்லை.

மாலை ஜெர்மன் வகுப்பு முடிந்து வந்தபோது, அம்மா பாசலில் இருக்கும் தன் தோழி வதனி அன்ரியின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். அன்ரியின் படம் போன கிழமை தொலைக்காட்சியில் பிறந்தநாள் வாழ்த்தோடு வந்தது. அன்ரியின் கணவர்தான் பேசினார். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

"எங்க அவள்? மார்கழியில பிறந்தவளுக்கு இப்ப என்ன பிறந்தநாள்? வயசைக் குறைக்கிறாளோ?" என்று அம்மா சிரித்தார்.

அவர் கோபமாகக் கேட்டார்.

"என்னக்கா பகிடி இது? அவள் செத்து இண்டைக்கு எட்டாம் நாள். ரீவியில மூண்டு தரம் மரண அறிவித்தல் குடுத்தனான். ஒரு சனம் வரேல்லை. நானும் மகனும் தனியக் கொண்டுபோய்த்தான் எரிச்சம்."

அம்மா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார். அதில் இன்னொருவருக்கு வாழ்த்துப் போய்க்கொண்டிருந்தது. நான் நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதை பிள்ளை. அது ஆரெண்டு பார்."

நாளை வகுப்புக்குப் போகவில்லை. அம்மாவைப் பாசலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு முன், இந்த மாதம் வாழ்த்து வந்த எல்லோருடைய வீட்டுக்கும் அழைத்துப் பேச வேண்டும்.