ஒரு வாரத் தாடி

"தாடி வேற வளர்க்கிறாருக்கா! ஊருக்கெல்லாம் சவரம் பண்றவரு, தன் மூஞ்சியை மட்டும் விட்டுட்டாரு."

"தாடிதான் அழகுன்னு எவளாவது சொல்லியிருப்பா," என்று போனில் எண்ணெய் ஊற்றினாள் அக்கா.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகக் கணவன் சலூனைத் திறக்கவில்லை. காப்பி பாதி டம்ளர் போதும் என்கிறான். மத்தியானமானால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். இப்போதும் உள்ளே ஒரு பெண்குரல் குழைந்தது: "இறுக்காதீங்க... லேசா பிடிங்க... மெதுவா இழுங்க..."

போனைக்கூட வைக்காமல் கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் அவன் மட்டும்தான் இருந்தான். எதிரே மொபைலில் ஒருத்தி குரோஷா பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் மடியில் நீலக் கம்பளி நூல், கையில் கொக்கி ஊசி.

"சே, இதுக்கா கதவைச் சாத்தினீங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் சிரிக்கவில்லை. ஊசிமுனை நூலில் சிக்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"கை நடுங்குது. டாக்டர்தான் இதைப் பழகச் சொன்னாரு. பத்துச் சங்கிலிப் பின்னல் தப்பில்லாம வந்தா, மறுபடி சவரக் கத்தியைத் தொடலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் மூணு வந்திருக்கு."

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"நாளைக்குக் கடைப்பக்கம் போகணும். இந்த மூஞ்சியைப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவாங்க. நீ... எனக்குச் சவரம் பண்ணி விடறியா?"