அணிலுக்குப் பிடிக்காத நிறம்

"கூடு கட்ட அணிலு நூலு எடுத்துக்கினு போவும், சரி. போட்ட நூலைத் திரும்ப வெளிய எடுக்குமாங்க?"

லோகாம்பாள் இப்படிக் கேட்டபோது வேலாயுதம் தறியில் இருந்தார். பக்கத்தில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் குறைக்காமலே, காலையில் வேறு வேலை இல்லையா என்று மனைவியைக் கேட்டார்.

கொல்லைச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்து, பின்வீட்டுப் பக்கம் வரை பொந்து விழுந்திருந்தது. அதில் தேங்காய் நாரும் பஞ்சும் திணித்து ஓர் அணில் குட்டி போட்டிருந்தது. முதலில் பார்த்தவள் மகள் அம்சாதான். அன்றிலிருந்து பல் தேய்க்கப் போனால் தாய் அணிலுக்குச் சோறு வைத்து, அது தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

நெசவுக்காரர் தெருவில் அணில் கூட்டில் பட்டு நூல் கிடப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் பொந்து வாயில் ஒரு நாள் நீல நூல் தொங்கியது. மறுநாள் அது இல்லை. அப்புறம் ரோஜா நிறத்தில் ஒன்று வந்தது, அதுவும் மாயமாகிவிட்டது. இன்றைக்கு மாம்பழ மஞ்சள். வேலாயுதத்தின் தறியிலோ அரக்கைத் தவிர வேறு நிறமே இல்லை.

"அணிலுக்கும் கலரு புடிக்க வாணாமா?" என்றார் வேலாயுதம்.

லோகாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பின்வீட்டுக் காமாட்சியம்மாள் தன் மகன் மயில்வாகனத்துக்கு அம்சாவைப் பெண் பார்க்க வந்தாள். ஆடி கழியட்டும், பதில் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பெண்ணுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அன்று அவள் விசாரித்தபோது, அம்சா வாயைத் திறப்பதற்குள் லோகாம்பாளே அரக்கு என்று சொல்லிவிட்டாள். மகள் கொஞ்சம் கறுப்பு. அதைச் சொல்லித்தான் ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. இதுவும் கைநழுவினால் என்ன செய்வது?

குழப்பத்தோடு கிணற்றடிக்குப் போனாள். குடத்தை வைத்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் காமாட்சியம்மாளின் குரல் கேட்டது.

"கூறைப்புடவைக்குச் சாயம் போட நூலு குடுக்கணும்டா. நெறத்தைச் சொல்லாம இழுத்துக்கினே இருந்தா எப்பிடி?"

"இன்னிக்கு ஒரு வாட்டி பாத்துட்டுச் சொல்லிடறேம்மா" என்றான் மயில்வாகனம்.

லோகாம்பாள் குடத்தை விட்டுவிட்டுச் சுவரருகே போனாள். கூறையா, யாருக்கு? நமக்கு இன்னும் பதிலே வரவில்லையே. அம்சாவுக்கு என்றால் அரக்கு என்று அன்றைக்கே சொல்லியாயிற்றே, அப்புறம் நிறம் பார்க்க என்ன இருக்கிறது?

பொந்து வாயில் மாம்பழ நூல் காற்றில் ஆடியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாயத்துக்கு மாதிரி பார்த்த நூலைத்தான் அணில் அங்கிருந்து இழுத்து வருகிறது. மாம்பழ மஞ்சள் என்றால் எவளோ ஒரு சிவத்த பெண்ணுக்காகத்தான் இருக்கும்.

ஆத்திரத்தில் நூலைப் பிடித்து இழுத்தாள். தாய் அணில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரில் ஓடியது. லோகாம்பாள் நேரே சமையலறைக்குப் போய் நூலை அடுப்பில் போட்டாள்.

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அம்சா நிமிர்ந்து பார்த்தாள். கேட்டதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டு லோகாம்பாள் அழுதாள். "வேற எவளுக்கோ கூறை நெய்யறாங்கடி. உங்கப்பன் பாட்டு கேட்டுக்கினு குந்தியிருக்காரு."

அம்சா கூறையைப் பற்றிக் கேட்கவில்லை. "அடுப்புல இன்னாம்மா போட்ட?" என்றாள்.

"அந்த அணிலு கூட்டுல இருந்த மாம்பழ நூலுதான்."

அம்சா மசாலாக் கையோடு எழுந்து கொல்லைக்கு ஓடினாள். சுவரின் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. பின்வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டுத் தேய்ந்தது.

"போச்சும்மா" என்று திரும்பியவளின் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பக்கத்துலேந்து அவரு வெக்கிற நூலுல, புடிக்காத கலரை மட்டும் பொந்துல இருந்து எடுத்துடுவேன்னு அவருகிட்ட சொல்லியிருந்தேன். இது எனக்குப் புடிச்சுதுன்னு வுட்டு வெச்சிருந்தேன்."